விளைப்பவர் வீட்டுக் கனிப் பச்சடி

(திருப்பூர் மாவட்டத்தில் ஊராட்சிப் பணியினரும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. அணையைப் பற்றியோ சாலையைப் பற்றியோ நான் பேச வரவில்லை. ஓர் அரிவாள்மணையும் ஒரு கிண்ணமும் கால் மணி நேரமும் இருந்தால் முடிந்துவிடும் ஒரு செயலைப் பற்றியே பேசப் போகிறேன். பழுத்த தக்காளி, கொய்யா, மாம்பழம், பப்பாளி போன்றவற்றை வேகவைக்காமல் பொடியாக நறுக்கி, வெங்காயம், பச்சைமிளகாய், கொத்தமல்லித் தழை, எலுமிச்சைச் சாறு, உப்பு ஆகியவை கலந்து உடனே உண்ணும் கனிப் பச்சடியே அது. "இதற்கும் ஒரு சொற்பொழிவா?" என்று நீங்கள் எண்ணக்கூடும். இந்தச் சிறு கிண்ணத்துக்குள் நம் நிலமும் நீரும் சந்தையும் பெண்களின் உடல் நலமும் அடங்கியிருக்கின்றன என்பதைக் காட்டவே வந்துள்ளேன்.

விளைவது எங்கே, உண்பது எங்கே?

நமது மாவட்டம் 2009-ஆம் ஆண்டு கோவை, ஈரோடு மாவட்டங்களிலிருந்து பிரித்து அமைக்கப்பட்டது. வெளியூரார் இதனைப் பனியன் மாவட்டம் என்றே அறிவர். ஆனால், உடுமலைப்பேட்டை, மடத்துக்குளம், பல்லடம், பொங்கலூர், தாராபுரம் பகுதிகளில் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்து வாய்க்கால் நீரையும் கிணற்று நீரையும் கொண்டு தக்காளியும் சின்ன வெங்காயமும் பெருமளவில் விளைகின்றன என்பதை நீங்கள் நன்கு அறிவீர்கள். உடுமலைச் சந்தையில் 14 கிலோ கொண்ட பெட்டிக் கணக்கில் தக்காளி விலைபோகிறது. 2023 ஜூலை மாதத்தில் நாடெங்கும் தக்காளியின் சில்லறை விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டிற்று. அடுத்த சில மாதங்களிலேயே விலை சரிந்துவிட்டது. விலை சரியும் காலங்களில் பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாமல், பழத்தைக் கொடியிலேயே விட்டுவிடுவதும் சாலையோரம் கொட்டிவிடுவதும் நமக்குப் புதிய காட்சிகள் அல்ல.

இந்தச் சரிவைப் பச்சடி செய்து தடுத்துவிடலாம் என்று நான் கூற மாட்டேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 வீடுகள் கொண்ட ஓர் ஊரில் வீட்டுக்குக் கால் கிலோ தக்காளி நாள்தோறும் பச்சடிக்குச் செலவானாலும் மொத்தம் 125 கிலோதான் ஆகும். அது ஒன்பது பெட்டிக்கும் சற்றுக் குறைவு. ஒரே உழவர் ஒரு நாள் பறிப்பில் அதற்கு மேல் சந்தைக்குக் கொண்டுபோகிறார். ஆகவே சந்தைச் சிக்கலுக்குத் தீர்வு வேறு. நான் கேட்பது வேறொரு கேள்வி: இவ்வளவு விளைகின்ற ஊரில், விளைப்பவர் வீட்டுத் தட்டில் பழம் இருக்கிறதா?

பல வீடுகளில் இல்லை. நல்ல பழம் பெட்டிக்குப் போகிறது. வெடித்த பழமும் அடிபட்ட பழமும் மாட்டுக்குப் போகின்றன. குழம்புக்கு நான்கு தக்காளி நிற்கிறது. காலை முதல் மாலை வரை குனிந்து பறித்த பெண்மணி சோற்றுக்கு ஊறுகாயைத் தொட்டுக்கொள்கிறாள். பனியன் கம்பெனிக்குச் செல்லும் பெண்ணின் நிலையும் இதுவே. விடியற்காலையில் சமைத்து, தூக்குப்போசியில் சோறு கட்டிக்கொண்டு, கம்பெனி வண்டி ஏறி, ஒன்றரை ஷிப்டு முடித்து இரவு வீடு திரும்புகிறாள். இடைவேளையில் தேநீரும் பன்னும்தான் அவளுக்குத் துணை. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், ஒருவர் நாளொன்றுக்கு 100 கிராம் பழமாவது உண்ண வேண்டும் என்கிறது. அந்த நிறுவனம் 1918-இல் நம் அண்டை மலையாகிய குன்னூரில் ஒரு சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, 1958-இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டது. நம் மலையில் பிறந்த அறிவுரை நம் சமவெளிக்கு இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை.

சோகையும் பச்சைப் பழமும்

2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். சோகைக்குக் காரணங்கள் பல. உணவில் இரும்புச்சத்து குறைவதும், உண்ட இரும்பு உடலில் சேராமல் போவதும் அவற்றுள் முக்கியமானவை. கம்பிலும் கேழ்வரகிலும் கீரையிலும் பருப்பிலும் இரும்பு உண்டு. ஆனால், தாவர உணவிலுள்ள இரும்பைக் குடல் எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை. அதே வேளை உணவில் ‘ஸி’ உயிர்ச்சத்து உடனிருந்தால் அது இரும்பைக் கரையச் செய்து, குடல் ஏற்க உதவுகிறது. உணவோடு குடிக்கும் தேநீரோ அதைத் தடுக்கிறது. ஆகவே தேநீரை உணவுக்கு ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிப்பது நலம்.

இந்த ‘ஸி’ உயிர்ச்சத்து வெப்பத்தில் அழியும், நீரில் கரைந்து போகும். குழம்பில் கொதித்த தக்காளியில் அது குறைந்துவிடுகிறது. பச்சையாக உண்ணும் பழத்தில் அது நமக்குக் கிடைக்கிறது. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய அளவு 100 மில்லிகிராமுக்கும் குறைவே. 100 கிராம் தக்காளியில் ஏறத்தாழ 20 முதல் 30 மில்லிகிராம் வரை உண்டு. அதே எடைக் கொய்யாவில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் உண்டு. ஆகவே கம்மஞ்சோற்றுக்கும் கீரைக் கடைசலுக்கும் பக்கத்தில் ஒரு கரண்டி கனிப் பச்சடி இருப்பது நாக்குக்கு மட்டும் உதவுவதன்று. கடுஞ்சோகை உள்ளோருக்குப் பச்சடி மருந்தாகாது. அவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தத்தைச் சோதித்து, மருத்துவர் தரும் இரும்பு மாத்திரையை உண்ண வேண்டும். மாத்திரை உண்பவருக்கும் பச்சடி துணை செய்யும்.

பழைய உறவு

இப்பச்சடி அயலாருடையது என்று எவரும் ஒதுக்க வேண்டியதில்லை. மெக்சிகோ நாட்டார் இதனைச் ‘சல்சா’ என்பர். உப்பிட்டது என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. 16-ஆம் நூற்றாண்டில் அந்நாட்டில் வாழ்ந்த பெர்னார்டினோ தெ சாஹகூன் என்னும் ஸ்பானியத் துறவி, அங்குள்ள சந்தைகளில் தக்காளியும் மிளகாயும் பூசணி விதையும் சேர்ந்த கூட்டுகள் விற்கப்பட்டதை எழுதிவைத்துள்ளார். தக்காளி, மிளகாய், கொய்யா, பப்பாளி, அன்னாசி ஆகிய ஐந்தும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து நமக்கு வந்தவை. நம் பாட்டிமார் மணத்தக்காளியினின்று பிரித்தறியத் தக்காளியைச் ‘சீமைத்தக்காளி’ என்றார்கள். அந்நாட்டுப் பச்சடியில் சேரும் வெங்காயமும் கொத்தமல்லியும் எலுமிச்சையும் நம் பக்கத்து உலகிலிருந்து கடல் கடந்து அங்குச் சென்றவை. ஆகவே அவர்கள் கிண்ணத்தில் நம் பங்கும், நம் கிண்ணத்தில் அவர்கள் பங்கும் உண்டு.

கொங்கு நாட்டுப் பச்சைப்புளி ரசத்தை எண்ணிப் பாருங்கள். அடுப்பில் ஏற்றாமல் புளிக்கரைசலில் சின்ன வெங்காயத்தையும் பச்சைமிளகாயையும் கொத்தமல்லியையும் கையால் பிசைந்து செய்வது அது. சித்திரை முதல் நாள் மாங்காய்ப் பச்சடி இல்லாத வீடு உண்டா? திருப்பூருக்கு வேலை தேடி வந்துள்ள பீகார் மக்கள் தக்காளியைச் சுட்டு மசித்து, வெங்காயமும் மிளகாயும் சேர்த்துச் ‘சோக்கா’ செய்கிறார்கள். நம் ஊர்களில் இன்று அண்டை வீட்டாராக வாழும் அவர்களுக்கும் நமக்கும் பொதுவான உணவு இது.

செய்யும் முறை

ஐந்து பேருக்குரிய அளவைக் கூறுகிறேன். பழுத்தும் கெட்டியாக உள்ள தக்காளி கால் கிலோ, பழுக்கத் தொடங்கிய கொய்யா இரண்டு, சின்ன வெங்காயம் பத்து, பச்சைமிளகாய் ஒன்று அல்லது இரண்டு, கொத்தமல்லித் தழை ஒரு கைப்பிடி, எலுமிச்சம்பழம் பாதி, உப்பு அரைத் தேக்கரண்டி.

முதலில் கைகளையும் மணையையும் கழுவுங்கள். பழங்களை நறுக்குவதற்கு முன்பே, முழுதாக இருக்கும்போதே கழுவ வேண்டும். நறுக்கிய பின் கழுவினால் சத்து நீரோடு போகும். கழுவாமல் நறுக்கினாலோ தோலிலுள்ள அழுக்கைக் கத்தியே உள்ளே கொண்டு செல்லும்.

தக்காளியை நான்காகப் பிளந்து, விதையோடு கூடிய நீர்ப்பகுதியை வழித்து ஒரு கிண்ணத்தில் வையுங்கள். அதனை இரசத்துக்குப் பயன்படுத்தலாம், எறிய வேண்டா. சதைப்பகுதியைத் துவரம்பருப்பினும் சற்றுப் பெரிய துண்டுகளாக நறுக்குங்கள். கொய்யாவையும் அவ்வாறே நறுக்கி, உடனே எலுமிச்சைச் சாற்றில் புரட்டிவிட்டால் நிறம் மாறாது. மிளகாயின் உள்ளே விதை ஒட்டியிருக்கும் வெண்ணிறத் தண்டில்தான் காரம் மிகுதி. குழந்தைகளுக்கெனில் அதை நீக்கிவிடுங்கள். வெங்காயத்தின் காட்டம் மிகுந்திருந்தால் நறுக்கியபின் ஒரு முறை நீரில் அலசிப் பிழியலாம்.

அனைத்தையும் ஒன்றாகக் கலந்து, பத்து நிமிடம் மூடி வையுங்கள். உப்பை மட்டும் பரிமாறும்போது சேர்க்க வேண்டும். உப்பு பழத்திலுள்ள நீரை வெளியே இழுக்கும். முன்னதாகச் சேர்த்தால் பச்சடி நீர்த்துச் சாறாகிவிடும்.

பருவத்துக்கு ஏற்பப் பழத்தை மாற்றிக்கொள்ளலாம். கோடையில் கொய்யாவுக்குப் பதில் கெட்டியான மாம்பழம் ஒன்றைச் சேர்க்கலாம், அல்லது புளிப்புக்கு மாங்காய்த் துருவலைச் சேர்த்து எலுமிச்சையைக் குறைக்கலாம். பப்பாளி சேர்ப்பதாயின் பாதி பழுத்ததே ஏற்றது, கனிந்தது குழைந்துவிடும். பப்பாளியிலும் மாம்பழத்திலும் கண்ணுக்கு நலம் தரும் ‘ஏ’ உயிர்ச்சத்துக்கு மூலமான பொருள் உண்டு. அது உடலில் சேரச் சிறிது கொழுப்பு வேண்டும். வறுத்துப் பொடித்த நிலக்கடலையோ, காங்கேயம் பக்கத்துத் தேங்காயின் துருவலோ ஒரு கரண்டி தூவினால் போதும். எலுமிச்சை விலை ஏறும் காலத்தில் நெல்லிக்காயைத் துருவிப் போடலாம். கருவுற்ற தாய்மார் பப்பாளிக்காயைத் தவிர்த்து, கொய்யா, தக்காளி சேர்ந்த பச்சடியை உண்ணலாம். நீரிழிவு உடையோர் மாம்பழத்தைக் குறைத்து, தக்காளியையும் கொய்யாவையும் கூட்டிக்கொள்ளலாம்.

நீரும் மருந்தும்

வேகவைக்காத உணவென்றால் இரண்டு எச்சரிக்கைகள் வேண்டும். அடுப்பு செய்யும் தூய்மைப் பணியை இங்கே நம் கையும் அறிவும் செய்ய வேண்டும்.

முதலாவது நீர். நொய்யல் கரை ஊர்களின் துன்பத்தை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. பாசனத்துக்காக 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவுநீர் தேங்கிற்று. கிணறுகள் உவர்த்தன. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. அதன் பின் கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரிக்கும் முறை வலியுறுத்தப்பட்டது. எனினும் நிலத்தடியில் இறங்கிய உப்பு ஒரே மழையில் நீங்குவதன்று. நீரைக் காய்ச்சுவதால் கிருமிகள் அழியுமேயன்றி, கரைந்துள்ள உப்போ சாயமோ நீங்குவதில்லை. ஆகவே பச்சடிப் பழங்களைக் கழுவக் குடிநீர்க் குழாய் நீரையே கொள்ள வேண்டும். குடிநீர்த் தொட்டியைக் காலந்தோறும் கழுவி, குளோரின் கலக்கச் செய்வது ஊராட்சியின் கடமை. அது தவறினால் இங்கே நான் கூறும் பச்சடியே வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும்.

இரண்டாவது பூச்சிமருந்து. இதை உழவர் பெருமக்களிடம் வெளிப்படையாகவே கூற விரும்புகிறேன். ஒவ்வொரு மருந்தின் மேலுறையிலும், தெளித்த பின் எத்தனை நாள் கழித்துப் பறிக்க வேண்டும் என்று குறிக்கப்பட்டிருக்கிறது. தக்காளி மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு முறை பறிக்கப்படும் பயிர். விலை ஏறியிருக்கும்போது இன்று தெளித்து நாளை பறிக்கும் ஆசை எழுவது இயல்பு. தோலின் மேல் படிந்த மருந்தில் ஒரு பகுதி கழுவினால் போகும். பயிருக்குள் ஊடுருவும் மருந்து கழுவினாலும் போகாது. "இந்தப் பழத்தை நாளை என் பேரக்குழந்தை பச்சையாக உண்ணப்போகிறது" என்ற எண்ணம் ஒன்று தோன்றினால், எந்த உழவரும் அந்த நாட்களைக் காத்திருப்பார். வீட்டுக்குக் காத்திருக்கும் கை சந்தைக்கும் காத்திருக்கும். கனிப் பச்சடி நம் வீடுகளில் நுழைய வேண்டும் என்று நான் விரும்புவதற்கு இது தலையாய காரணம். தான் உண்ணாததை விளைப்பவருக்கும், தான் உண்பதை விளைப்பவருக்கும் வேறுபாடு உண்டு.

சந்தையில் வாங்கும் மாம்பழத்திலும் விழிப்பு வேண்டும். கார்பைடு கல்லைக் கொண்டு பழுக்க வைப்பது சட்டத்தால் தடைசெய்யப்பட்டுள்ளது. மேலே சீரான மஞ்சளும், உள்ளே காம்பருகில் புளிப்பும் கடினமும் உள்ள பழத்தை ஐயத்தோடு நோக்குங்கள்.

வைத்திருக்கலாமா?

நறுக்கிய பழம் நீண்ட நேரம் நில்லாது. சாதாரண நாளில் இரண்டு மணி நேரத்துக்குள்ளும், சித்திரை வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள்ளும் உண்டுவிட வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் மூடி வைத்தால் அன்று மாலை வரையில் வைக்கலாம். காலை ஏழு மணிக்குக் கட்டிய பச்சடியைப் பிற்பகல் ஒரு மணிக்குக் கம்பெனியில் திறப்பது தகாது. வேலைக்குச் செல்வோர் கழுவித் துடைத்த கொய்யாவையும் தக்காளியையும் முழுதாகவே கொண்டுசென்று, உண்ணும்போது உப்பும் மிளகுத்தூளும் தொட்டு உண்ணலாம். பச்சடியை வீட்டில் இரவு உணவோடு வைத்துக்கொள்ளலாம். அப்பொழுதுதான் குடும்பம் முழுவதும் ஒன்றாக அமர்கிறது.

மகளிர் குழுவினர் சிலர், இதனைப் புட்டியில் அடைத்து விற்கலாமே என்று கேட்பதுண்டு. வேண்டா. பப்பாளியும் கனிந்த மாம்பழமும் புளிப்புக் குறைந்தவை. காற்றுப் புகாத புட்டியில் அவற்றை அடைத்துவைத்தால், வெளிக்குத் தெரியாமலே நச்சுக்கிருமி வளர இடமுண்டு. விலை சரிந்த காலத்தில் மிஞ்சும் தக்காளிக்கு வேறு வழிகள் உள்ளன. புளியும் எண்ணெயும் உப்பும் சேர்த்து நன்கு சுண்டக் காய்ச்சிய தொக்காகவோ, உப்புத் தடவி வெயிலில் உலர்த்திய வற்றலாகவோ செய்யலாம். அவற்றையும் விற்பதாயின், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பயிற்சி பெற்று, 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதிவு செய்துகொண்டு தொடங்குவதே முறை.

ஊர் செய்யக்கூடியவை

முடிவாக, மூன்று வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது: வீட்டுக்கொரு கொய்யா, இரண்டு பப்பாளி, ஓர் எலுமிச்சை. கொய்யாப் பதியன் கன்று இரண்டு மூன்று ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். பப்பாளி நட்ட ஓராண்டுக்குள் பழம் தரும். ஆறடி இடைவெளி விட்டு நட்டு, தண்டருகே நீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். பாத்திரம் கழுவுமுன் அரிசியும் பருப்பும் களைந்த நீரையும் அவற்றுக்கு ஊற்றலாம்.

இரண்டாவது: கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அவற்றுள் ஒரு கூட்டத்திலாவது குடிநீர்த் தொட்டியின் தூய்மையையும், கிணறுகளின் நீர்ச் சோதனை முடிவையும் ஊரார் அறியப் படித்துக் காட்டுங்கள். அன்றே மகளிர் குழுவினர் பத்துக் கிண்ணம் பச்சடி செய்து காட்டட்டும். ஊரார் உண்டு பார்த்தால் பேச்சுக்கு வேலையிராது.

மூன்றாவது: பெட்டி கட்டுமுன் ஒரு படி எடுத்து வையுங்கள். களத்தில் நெல் அளக்கும்போது வீட்டுக்கு முதலில் எடுத்துவைத்த மரபு நம்முடையது. தக்காளிக்கும் கொய்யாவுக்கும் அம்மரபு ஏன் கூடாது? வெடித்ததையும் அடிபட்டதையும் அன்று. நல்லதில் ஒரு படி. விலை ஏறிய நாளிலும் ஒரு படி. அது பறித்த கைகளுக்கு உரிய பங்கு.

உலகத்துக்கு உடை தைத்துக் கொடுக்கும் மாவட்டம் நம்முடையது. உலகுக்கு அனுப்பும் உடையில் ஒரு நூல் பிசகினாலும் திருப்பி அனுப்பப்படும் என்று அறிந்து, எவ்வளவு கவனத்தோடு சோதிக்கிறோம்! அந்தக் கவனத்தில் ஒரு பங்கை நம் வீட்டுக் கிண்ணத்தின் மீதும் வைப்போமானால், தைக்கும் பெண்ணும் பறிக்கும் பெண்ணும் நலம் பெறுவர். அவர்கள் நலமே ஊரின் நலம்.